தொகைச்சாமி இலக்கணம்

பொம்மசந்திரா வழக்கை நோக்கி இயற்றியது. மூலமும் உரையும் ஒருவரே

பாயிரம்

நூல் செய்பவர் சிறப்புப் பாயிரத்தில் எட்டுச் செய்தி சொல்லியாக வேண்டும் என்பது பவணந்தி முனிவர் வைத்த விதி. ஆக்கியோன் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஓசூரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குத் தினமும் வந்துபோகும் ஒரு தமிழன் என்ற அளவில் கொள்க. எல்லை: வடக்கே எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் தரையிறங்கும் இடம், தெற்கே சந்தாபுரா, மேற்கே ஜிகணி, கிழக்கே ஹீலலிகெ ரயில் நிலையம். இந்த எல்லைக்குள் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம், ஒடியா என ஆறு மொழிகள் வழங்கும். ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆறும் ஒரே வாக்கியத்தில் வழங்கும். நுதலிய பொருள்: எந்த மதத்திலும் சேராமல் ஒருவர் தமக்கென்று வைத்துக்கொண்டிருக்கும் கடவுள். கேட்போர்: "கோயில், குளம், சர்ச்சு இதெல்லாம் எனக்கு ஒத்துவராது சார், ஆனா சாமி உண்டு" என்று வாழ்நாளில் ஒருமுறையாவது சொன்னவர்கள். இவர்கள் தொகை பெரிது. 2021இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கைக்காக இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் கேட்டதில் 97 சதவீதத்தினர் கடவுள் உண்டு என்றார்கள். அத்தனை பேரும் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலிலோ பள்ளிவாசலிலோ நின்றிருப்பார்கள் என்று நம்ப நான் தயாரில்லை.

வழி என்பது முதல்நூல். இந்நூலுக்கு முதல்நூல் நன்னூல். சமயம் பற்றிய ஆராய்ச்சிக்கு இலக்கணமா என்று கேட்பவர் நன்னூலின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். பவணந்தி சமணர், நூலை அருகனை வாழ்த்தித்தான் தொடங்குகிறார். எழுதச் சொன்னவன் சீயகங்கன். மூன்றாம் குலோத்துங்கனுக்கு அடங்கிய சிற்றரசன், கோலாரை ஆண்ட கங்கர் மரபினன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன். அதாவது பொம்மசந்திராவிலிருந்து பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊரைத் தன் பட்டப்பெயரில் வைத்திருந்தவன். நூலுக்கு முதலில் உரை எழுதிய மயிலைநாதரும் சமணர். பிறகு திருவாவடுதுறை ஆதீன வழிவந்த சங்கர நமச்சிவாயர் உரை எழுத, சிவஞான முனிவர் அதைத் திருத்தினார். இருவரும் அழுத்தமான சைவர்கள். சமணர் செய்த நூலைச் சைவ மடத்தில் பாடம் சொன்னார்கள், கிறித்தவப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தார்கள், யாருக்கும் தீட்டு ஒட்டவில்லை. மதத்தை மறைத்துவிட்டுப் பொருளை மட்டும் நிற்கவைப்பது எப்படி என்று இதைவிட நன்றாகக் காட்டிய புத்தகம் தமிழில் இல்லை.

பயன்: பின்னர் அறிக.

தொகை

நூற்பா:
மதம்எனும் உருபு மறைந்துஅகத்து ஒடுங்கச்
சாமி மட்டும் தனித்துமுன் நிற்பின்
தொகைச்சாமி என்ப, அதுஅறு வகைத்தே.

உரை: இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், தனிச்சாமியின் பொது இலக்கணம் நுதலிற்று. தொகை என்றால் தொகுதல், மறைதல். "மதுரை சென்றான்" என்னும்போது "கு" கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் "கு" இல்லாமல் அவன் மதுரை போய்ச் சேரவும் முடியாது. மதத்தை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சொல்லும்போது அவர் விட்டது சொல்லை. உருபு உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது. அற்றுப்போனது வேறு, மறைந்து நிற்பது வேறு. இந்த வேறுபாட்டை நாத்திகர் ஒப்பமாட்டார், ஆதீனகர்த்தரும் ஒப்பமாட்டார். இருவரும் ஒரே நேரத்தில் மறுக்கும் கருத்து என்பதே இதன்மேல் எனக்கு நம்பிக்கை வரக் காரணம்.

ஆறு வகையாவன வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி. ஒன்பதாம் வகுப்பில் படித்தவையே.

வேற்றுமைத்தொகைச் சாமி

இரண்டாம் உருபு முதல் ஏழாம் உருபு வரை ஆறும் இங்கே உண்டு. சாமியைத் தேடுபவர், சாமியால் பிழைத்தவர், சாமியோடு பேசுபவர், சாமியிடம் விட்டுவிட்டவர் என்று விரித்துக்கொண்டே போகலாம், தாள் தாங்காது. பொம்மசந்திராவில் பெருவழக்காக இருப்பது நான்காம் வேற்றுமை. அதைக் காணவேண்டிய இடம் நாராயணா ஹெல்த் சிட்டிக்கு எதிர்ச்சாரி.

டாக்டர் தேவி ஷெட்டி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே இதய மருத்துவமனை கட்டினார். அன்றிலிருந்து இந்தத் தொழிற்பேட்டைக்கு இன்னொரு முகம் வந்துவிட்டது. சுற்றுத் தெருக்களில் வங்காள எழுத்தில் போர்டு வைத்த லாட்ஜுகள், மீன்குழம்புச் சாப்பாட்டுக் கடைகள், மூட்டை முடிச்சோடு கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வந்து இறங்கும் குடும்பங்கள். நம் பக்கத்திலிருந்து கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர்க்காரர்கள். ஊத்தங்கரைப் பக்கம் மாம்பழ லாரி ஓட்டும் ஒருவர். மகளுக்கு இதயத்தில் ஓட்டை, மறுநாள் காலை ஆபரேஷன். டீக்கடையில் என் பக்கத்தில் நின்றிருந்தவர், பிரிக்காத பீடிக்கட்டு ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார். காசு திருப்ப வேண்டாம், ரெண்டு பன் கொடுங்க போதும் என்றார். கடைக்காரர் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டு பன்னோடு ஒரு வர்க்கியும் சேர்த்துக் கொடுத்தார்.

பீடியை விடுவதாக எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று கேட்டேன். "எந்தச் சாமின்னெல்லாம் இல்லைங்க. மேல ஒருத்தன் இருக்கான்ல, அவனுக்கு." ஊரில் மாரியம்மன் கோயில் வரிக்கணக்கில் தகராறு, அதிலிருந்து கோயில் பக்கம் போவதில்லையாம். கொஞ்ச நேரம் பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்துவிட்டு அவராகவே சொன்னார்: "புள்ளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சு, அவனுக்கும் எனக்கும் அதோட பேச்சு வார்த்தை இல்லீங்க."

நன்னூலார் நான்காம் உருபின் பொருள்களைச் சொல்லும்போது கொடையையும் பகையையும் அடுத்தடுத்து வைத்தார். இருபது வருஷம் அதைப் படித்தும் பாடம் கேட்டும் எனக்கு அது விளங்கியது அந்த டீக்கடையில். ஒருவனுக்குக் கொடுப்பதற்கும் ஒருவனுக்குப் பகையாவதற்கும் ஒரே உருபு போதும்.

இனி இவ்வகையைப் பற்றி ஒரு மாறுபட்ட கருத்துண்டு. தனிச்சாமி வைத்திருப்பவர் சௌகரியத்துக்காக வைத்திருக்கிறார், விரதம் இல்லை, காணிக்கை இல்லை, கேட்பார் இல்லை என்பர் ஒருசாரார். அது பொருந்தாது. என்னை? ஏற்பாடாக அமைந்த எல்லா மதத்திலும் தவறினவனுக்கு ஒரு வாசல் உண்டு. பரிகாரம் உண்டு, பாவசங்கீர்த்தனம் உண்டு, விட்ட நோன்புக்கு ஈடாக ஏழைக்குச் சோறிடும் ஏற்பாடு உண்டு. முடி காணிக்கை இந்த வருஷம் முடியாவிட்டால் அடுத்த வருஷம் வட்டி சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம். சொல்லிக் கொடுக்கப் பூசாரி இருக்கிறார். இந்த லாரிக்காரர் ஆறு மாதம் கழித்து ஒரு பீடி பற்றவைத்தால் அவருக்குப் பரிகாரம் சொல்ல யார் இருக்கிறார்கள்? மாரியம்மனிடம் அவர் அம்மா பேரம் பேசியிருப்பாள். இவருடைய "மேல ஒருத்தன்" பேரத்துக்கு வரமாட்டான், அவன் இவரைவிடக் கண்டிப்பானவன் இல்லை, இவர் அளவுக்கே கண்டிப்பானவன், கஷ்டமே அதுதான். கட்டுப்பாடில்லாத கடவுள் என்று வெளியே சொல்கிறார்கள். நான் பார்த்தவரை மன்னிப்பதற்கு ஆள் வைக்காத கடவுள்.

இவ்வகையில் "உருபும் பயனும் உடன்தொக்க தொகை" என ஓர் உட்பிரிவு உண்டு. மதமும் மறைந்து, எதற்காக என்பதும் மறைந்தது. புது பைக் வாங்கி எலுமிச்சம்பழத்தின்மேல் ஏற்றிவிட்டு, எதுக்குப்பா இது என்றால் "சும்மா சார்" என்பவர். இவரைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

வினைத்தொகைச் சாமி

ஊறுகாய் என்றால் ஊறிய காயும் ஊறுகின்ற காயும் ஊறும் காயும். காலம் மறைந்திருக்கும். "நாலு பேருக்கு நல்லது செஞ்சா அதுதான் சார் சாமி" என்பவர் இவ்வகையினர். செய்தாரா, செய்கிறாரா, செய்யப்போகிறாரா என்பது வெளியே தெரியாது. தொழிற்பேட்டை வழக்கில் பெரும்பாலும் எதிர்காலம்: ரிட்டயர் ஆனதும் ஊரில் ஓர் அனாதை இல்லம்.

மூன்று காலத்துக்கும் உதாரணமாக நிற்பவர் ஒருவரே, வள்ளலார். 1867இல் வடலூர்த் தருமசாலையில் அவர் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அவரைக் கேலி நூலில் சேர்ப்பது பற்றி எனக்குத் தயக்கம் இருந்தது. ஆனால் இந்தப் பொருளில் அவரை விட்டால் தமிழில் நூல் இல்லை. சிவனைப் பாடிப் புகழ்பெற்றவர், 1873இல் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடியேற்றிப் பேசியபோது, சைவத்தில் தமக்கிருந்த பெரும் பற்றைத் தாமே கைவிட்டதாகக் கூட்டத்தின் முன் சொன்னார். ஐம்பது வயது மனிதர், தம் பெயருக்கு மூலதனமாக இருந்ததைத் தம் வாயாலேயே தள்ளிவைத்தார். உருபை மறைத்துக்கொள்வது சுலபம். மறைத்தேன் என்று ஊரறியச் சொல்வதற்கு வேறு நெஞ்சு வேண்டும். நம் தொழிற்பேட்டைத் தொகைச்சாமிக்காரர்கள் மாமியார் வீட்டில்கூடச் சொல்வதில்லை.

பண்புத்தொகைச் சாமி

கடவுள் ஆள் இல்லை, ஒரு பண்பு என்பவர்கள். ஒளி, அன்பு, ஒழுங்கு, விதி. மருந்து ஆராய்ச்சிக் கூடங்களில் வேலை செய்கிறவர்களிடம் அதிகம் கண்டேன். செல்லுக்குள் நடக்கிற காரியத்தைப் பார்த்தால் ஒழுங்கு ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது, அதற்குமேல் கேட்காதீர்கள் என்பார்கள். கேட்டால் ஐன்ஸ்டைனைக் காட்டுவார்கள். 1929இல் ஒரு யூத குரு உமக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று தந்தியடித்துக் கேட்க, ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன் என்று ஐன்ஸ்டைன் பதில் அனுப்பினார். அந்த ஸ்பினோசாவை ஆம்ஸ்டர்டாம் யூதர்கள் 1656இல், அவருக்கு 23 வயதாக இருக்கும்போதே சமூகத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். யாரும் அவரோடு பேசக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது என்று கட்டளை. அவர் வேறு மதத்தில் சேரவில்லை. மூக்குக்கண்ணாடிக்கும் தொலைநோக்கிக்கும் கண்ணாடிச் சில்லு தேய்த்துப் பிழைத்தார். பொம்மசந்திராவில் இருந்திருந்தால் ஏதாவதொரு கம்பெனியில் சூபர்வைசர் ஆகியிருப்பார், பிஜி விடுதியில் பக்கத்துக் கட்டில்காரனுக்கு அவர் சாமி கும்பிடாதது பெரிய விஷயமாகவே பட்டிருக்காது.

இதில் இருபெயரொட்டுப் பண்புத்தொகை தனியே கவனிக்கத் தக்கது. சாரைப்பாம்பு என்பதுபோல் சிறப்புப் பெயரும் பொதுப் பெயரும் ஒட்டி ஒரே பொருளைச் சுட்டுவது. ராபர்ட் பெல்லா முதலிய ஐந்து சமூகவியலாளர் 1985இல் வெளியிட்ட அமெரிக்கப் புத்தகம் ஒன்றில் ஒரு நர்ஸ் வருகிறார். புத்தகத்தில் அவருக்கு வைத்த புனைபெயர் ஷீலா. கடவுளை நம்புகிறேன், கடைசியாகச் சர்ச்சுக்குப் போனது எப்போது என்று ஞாபகமில்லை, என் மதத்தின் பெயர் "ஷீலாயிசம்" என்றார். பெல்லாவுக்கு அது கவலையாக இருந்தது. ஆளுக்கொரு மதம் என்றால் அமெரிக்காவில் அத்தனை கோடி மதம் வந்துவிடுமே என்று. தமிழ்நாட்டுக்காரனுக்கு இந்தக் கவலை புரிவது கஷ்டம். இங்கே ஒவ்வொரு பங்காளி வகையறாவுக்கும் தனித்தனிக் குலசாமி. கோடிக் கணக்கை நாம் எப்போதோ தாண்டிவிட்டோம்.

உவமைத்தொகைச் சாமி

"ஏதோ ஒரு சக்தி இருக்கு சார், கரண்ட் மாதிரி." விரைந்து கடப்போம். முன்பெல்லாம் இவ்வகைக்கு மின்சாரமே உவமை. 2025 ஆகஸ்ட் 10 அன்று ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் தடம் திறந்த பிறகு உவமை மாறிவிட்டது. டிரைவர் இல்லாமலே ஓடக்கூடிய ரயில் என்று விளம்பரப்படுத்தினார்கள். ஆனால் ஆரம்பத்தில் டிரைவரை உட்காரவைத்தே ஓட்டினார்கள். உலகத்தைப் படைத்து முடுக்கிவிட்டுக் கடவுள் ஒதுங்கிக்கொண்டாரா, இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறாரா என்று ஐரோப்பாவில் இருநூறு வருஷம் நடந்த சண்டை, பொம்மசந்திரா பிளாட்பாரத்தில் முதல் வாரத்திலேயே தொடங்கிவிட்டது. அப்போது மூன்றே ரயில், இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒன்று; சண்டைக்கு நேரம் தாராளம்.

உம்மைத்தொகைச் சாமி

நூற்பா:
இதுவும் அதுவும்என்று எதையும் தள்ளாது
அடுக்கி வைத்தபின் உம்மை மறைப்பது
உம்மைத் தொகையே, ஓட்டுநர்க்கு உரித்தே.

உரை: கம்பெனி பஸ்ஸின் டேஷ்போர்டுக்கு மேலே, கண்ணாடியில், வரிசையாக ஒட்டியிருப்பார்கள். பிள்ளையார், சிலுவை, பிறை. தனித்தனியாக வாங்கி ஒட்டியதும் உண்டு, மூன்றும் ஒரே ஸ்டிக்கராக அச்சடித்து விற்பதும் உண்டு. நான் ஏறும் பஸ்ஸின் டிரைவர் வாணியம்பாடிக்காரர். அவர் பஸ்ஸில் பிறையின் ஓரம் வெயிலில் சுருண்டுவிட்டது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கட்டைவிரலால் அதை நீவிவிடுவார், ஒட்டாது, திரும்ப நீவுவார். வியாழக்கிழமை டியூட்டி சீக்கிரம் முடிந்தால் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்துக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார். அந்த ஆலயத்தில் வியாழக்கிழமை வரிசையில் நிற்பவர்களில் கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை என்பது பெங்களூரில் எல்லோருக்கும் தெரியும். ஆடிக்கு ஊருக்குப் போவார், அங்கே கூழ் ஊற்றுவார். என்ன மதம் என்றால் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை, சொல்லப் பிடிக்கவில்லை. "மதம்னு ஏண்ணே அதைக் கொண்டுவரீங்க" என்றார் ஒருநாள்.

இவ்வகையை உம்மைத்தொகையில் அடக்கியதற்கு இலக்கணத் தடை ஒன்று எழுகிறது. உயர்திணையில் உம்மைத்தொகை வந்தால் பலர்பால் ஈறு பெறவேண்டும். கபிலபரணர் வந்தார் என்றுதான் சொல்லலாம், வந்தான் என்றால் வழு. நம் டிரைவரோ மூன்று பேரையும் கண்ணாடியில் வைத்துக்கொண்டு, நெரிசலில் லாரி ஒன்று உரசிக்கொண்டு போனபோது, "அவன் பாத்துப்பான்" என்று ஒருமையில் சொன்னார். எவன் அண்ணே, மூணு பேர் இருக்காங்களே என்றேன். "மூணு பேரா? ஒருத்தன் போட்டோவை மூணு ஸ்டுடியோல எடுத்திருக்கான்." இது வழுவமைதி என்று கொள்க. வழுதான், ஆனால் ஆன்றோர் ஏற்றுக்கொண்ட வழு. ஏற்றுக்கொண்ட ஆன்றோர் யார் எனின், திருமூலர், அவருக்குப் பின் கடவுள் ஒருவனே என்ற அவர் கருத்தைக் கட்சி மேடைக்குக் கொண்டுவந்த அண்ணா. பகுத்தறிவு இயக்கத்திலிருந்து வந்த ஒரு கட்சி, கடவுளை மறுக்காமலும் எந்தக் கடவுள் என்று சொல்லாமலும் நின்றது தமிழ்நாட்டு அரசியலின் மிகப்பெரிய தொகைநிலைத் தொடர்.

விரி

தொகை என்று ஒன்று இருந்தால் அதை விரிக்கும் இடமும் உண்டு. மறைந்த உருபை வெளியே இழுத்துப் போடும் இடங்கள். பேசாமல் கிடந்த மதம் அங்கே எழுந்து நின்று கையெழுத்துப் போடும்.

முதலாவது படிவம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதம் குறிப்பிடாதவர்கள் சுமார் 28.7 லட்சம் பேர், மொத்தத்தில் 0.24 சதவீதம். கடவுள் உண்டு, மதம் இல்லை என்று எழுத அங்கே கட்டம் கிடையாது. திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா சாதி மதம் அற்றவர் என்று தாசில்தாரிடம் சான்றிதழ் வாங்கியது 2019இல். அதற்கு அவர் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். அந்தச் சான்றிதழிலும் கடவுள் உண்டா என்ற கேள்வி இல்லை. அரசாங்கத்துக்குக் கடவுளைப் பற்றி அக்கறையே இல்லை என்பதை நம் மக்கள் சரியாகக் கவனிக்கவில்லை. அதற்கு வேண்டியது வரிசை எண் மட்டும்.

இரண்டாவது கல்யாணம். இங்கேதான் சரித்திரம் சுவையாகிறது. வங்காளத்தில் கேசவ சந்திர சென்னின் பிரம்ம சமாஜத்தார் ஒரே கடவுளை நம்பினார்கள். பழைய சடங்கில்லாமல் கல்யாணம் செய்தார்கள். அது சட்டப்படி செல்லுமா என்ற சிக்கல் வந்தது. அவர்கள் போராடிப் பெற்ற 1872ஆம் ஆண்டு மூன்றாம் சட்டம் என்ன சொன்னது? மணமக்கள் தாங்கள் இந்து அல்ல, கிறிஸ்தவர் அல்ல, யூதர் அல்ல, முஸ்லிம் அல்ல, பார்சி அல்ல, பௌத்தர் அல்ல, சீக்கியர் அல்ல, சமணர் அல்ல என்று உறுதி சொன்னால் கல்யாணம் செல்லும். கடவுளை மிகத் தீவிரமாக நம்பிய கூட்டம், தாலி கட்டுவதற்காக எட்டு "அல்ல" சொல்லவேண்டியிருந்தது. நம் பக்கத்தில் 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட உரிமை கொடுத்தார். ஐயர் வேண்டாம், மந்திரம் வேண்டாம், மாலை மாற்றினால் போதும். ஆனால் அந்தப் பிரிவு நுழைந்த இடம் இந்து திருமணச் சட்டம். இரண்டு இந்துக்களுக்கிடையே நடந்தால்தான் செல்லும். உருபை மறைத்ததற்கு உருபே சாட்சி. கர்நாடகத்தில் குவெம்பு சட்டத்துக்குப் போகவில்லை. புரோகிதர் இல்லாத "மந்திர மாங்கல்யம்" என்ற முறையைத் தாமே வகுத்து, 1966இல் தம் மகன் பூர்ணசந்திர தேஜஸ்வியின் கல்யாணத்தை அப்படி நடத்தினார். கோயில், சர்ச், மசூதி மூன்றையும் விட்டு வெளியே வரச் சொன்ன கவிஞர், வெளியே வந்தவர்களுக்கும் ஒரு சடங்கு தேவைப்படும் என்று தெரிந்து வைத்திருந்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரைச் சீர்திருத்தக்காரர்களில் விவேகி என்பேன்.

மூன்றாவது சாவு, அதை விரிக்க வேண்டியதில்லை. செத்தவருக்கு என்ன நம்பிக்கை இருந்தது என்று சித்தப்பாக்கள் கேட்பதில்லை.

நான்காவதுதான் விபரீதம்: இன்னொருவர் வந்து சேர்வது. தனிச்சாமிக்கு இரண்டாவது ஆள் கிடைத்த நாளில் தொகை விரியத் தொடங்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் கோயிலைத் தாண்டிக் கடவுளை ஒவ்வொருவர் கழுத்திலும் இஷ்டலிங்கமாகக் கட்டிவிட்டார். அதைவிடத் தனிப்பட்ட சாமி உலகத்தில் இருக்க முடியாது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற அளவு. 2018 மார்ச்சில் கர்நாடக அமைச்சரவை, அவர் வழிவந்த லிங்காயத்தைத் தனி மதமாக, சிறுபான்மை மதமாக அங்கீகரிக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை வைத்து ஒரு தேர்தலே நடந்தது. வடலூரில் எல்லா மதத்தையும் தள்ளிவைத்தவர் கட்டிய சத்திய ஞான சபையை இன்று நிர்வகிப்பது தமிழக அரசின் இந்து சமய அறநிலையத் துறை. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுப்பு தினமும் எரியவேண்டும் என்றால் அரிசிக்கணக்கு எழுத ஆள் வேண்டும். கணக்கு எழுதினால் பேரேடு வேண்டும். பேரேட்டின் அட்டையில் ஒரு பெயர் வேண்டும்.

அன்மொழித்தொகைச் சாமி

"பொற்றொடி வந்தாள்" என்றால் வந்தது பொன்னும் அல்ல, தொடியும் அல்ல, இரண்டு சொல்லுக்கும் வெளியே இருக்கும் ஒரு பெண். கடவுள் என்ற சொல்லும் இல்லாமல் மதம் என்ற சொல்லும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று வந்து நிற்பது இவ்வகை. அரிது. ஆறில் இதையே தூயது என்று நான் கொள்வேன். இது ஒருதலை துணிதல் என்னும் உத்தி.

பிளாஸ்டிக் மோல்டிங் செய்யும் ஒரு கம்பெனியில் இரவு ஷிப்ட் ஆபரேட்டர். ஒடிசாக்காரர், தமிழ் கன்னடம் இரண்டும் கலந்து பேசுவார். ஆயுத பூஜையன்று எல்லா மிஷினுக்கும் வாழைக்கன்று கட்டிக் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் உடைக்கும்போது அவர் ஓரமாக நிற்பார், பொரி கொடுத்தால் வாங்கிக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு இரவும் அச்சு மாற்றி முடித்து, பாதுகாப்புக் கதவை இழுத்துச் சாத்திய பின், பச்சைப் பட்டனை உடனே அழுத்தமாட்டார். கை பட்டனுக்கு மேலே நிற்கும். ஒரு மூச்சு நேரம். பிறகு அழுத்துவார். மற்றவர்கள் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் இல்லை இது. தலை குனிவதும் இல்லை. எதிர்ச் சுவரில் விபத்தில்லாத நாள்கள் என்று எண் எழுதிய போர்டு இருக்கிறது, அதைப் பார்க்கிறார் என்று முதலில் நினைத்தேன். போர்டு அந்த இடத்திலிருந்து தெரியாது.

கேட்டேன். சாமியா? இல்லை என்றார். பயமா? யோசித்துவிட்டு, அதுவும் இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டுட்டு அழுத்தறேன்" என்றார். யாரைக் கேட்டு என்பதற்கு எங்கள் இரண்டு பேரின் மூன்று மொழியிலும் சொல் கிடைக்கவில்லை.

இதற்கு நூற்பா எழுத முயன்றேன். சரியாக வரவில்லை, விட்டுவிட்டேன்.

புறனடை: தொகாநிலையாகிய விளி

எட்டாம் வேற்றுமை விளி. அது தொகாது, "கடவுளே" என்று கூப்பிடும்போது அதற்குள் மறைந்து நிற்க உருபுக்கு இடமில்லை. ஆகவே இந்நூலுக்குள் அது வராது என்றுதான் முதலில் முடித்திருந்தேன். கைப்பிரதியை எங்கள் கம்பெனி தரக்கட்டுப்பாட்டில் இருக்கும் தர்மபுரிக்காரத் தம்பியிடம் படிக்கக் கொடுத்தேன். பெரியார் திடலில் புத்தகம் வாங்கிப் படித்தவர், நன்னூலும் அறிந்தவர். அவர் எழுப்பிய தடை இது.

"அண்ணே, போன வாரம் அத்திபெலே டோல்கிட்ட பஸ் பிரேக் அடிச்சப்ப நான் 'ஐயோ சாமி'ன்னு கத்தினேன்னு எழுதியிருக்கீங்க. அதை வெச்சு என்னையும் ஆறுல ஒண்ணுல அடைச்சுட்டீங்க."

கத்தினீர்களா இல்லையா என்றேன்.

"கத்தினேன். ஆனா அது விளியே இல்லை. கூப்பிட்டா ஆள் வரணும்னு எதிர்பார்க்கணும். நான் எதிர்பார்க்கலை. அது வெறும் இடைச்சொல், உங்க நன்னூல் கணக்குலயே அசைநிலை. பொருள் கிடையாது."

அசைநிலைக்குப் பொருள் இல்லை, சரி. இடத்தை நிரப்ப வந்தது என்பது இலக்கணம். அப்படியானால் அந்த நேரத்தில் நிரப்பவேண்டிய இடம் ஒன்று அங்கே காலியாக இருந்ததே, அது எது என்று கேட்டேன்.

"அது பஸ்ஸுக்கும் முன்னாடி போன டேங்கர் லாரிக்கும் நடுவுல இருந்த இடம்ணே. ரெண்டடி." அவர் பேனாவை எடுத்துத் தம் பெயர் வரும் பத்தியைக் குறுக்காக அடித்துவிட்டு, ஓரத்தில் "பிறன்கோள் மறுக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அடித்த பத்தியை நீக்கிவிட்டேன். அவர் எழுதிய குறிப்பை உரையின் பகுதியாக அப்படியே சேர்த்திருக்கிறேன். இதற்கு மறுப்பு எழுத விரும்புவோர் எழுதலாம், அடுத்த பதிப்பில் இடம் உண்டு.